கூழும் கஞ்சியும்: போரில் சிக்கிய குழந்தைகளும் தமிழ்த் திரையின் பேய்களும்

ஆனி மாத மாங்கனித் திருவிழாவின்போது காரைக்காலில் நிற்க இடம் கிடைக்காது. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். கீழே நிற்பவர்கள் முந்தானையையும் துண்டையும் விரித்துப் பிடிப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் என் தோளில் உட்கார்ந்திருந்த தங்கை மகள், விழாக் கடையில் தொங்கிய ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடும் சிவனின் காலடியில் தாளம் தட்டிக்கொண்டு ஓர் எலும்புருவம் உட்கார்ந்திருக்கும் படம் அது. "மாமா, அந்தச் சாமி ஏன் அப்படி ஒட்டிப்போய்க் கிடக்கு? யாரும் சோறு போடலையா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பேயைக் கண்டு அவள் பயப்படவில்லை. பேய் பட்டினி கிடக்கிறதே என்றுதான் கவலைப்பட்டாள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து கிளம்புகிறது. போரில் சிக்கிய குழந்தைகள் உயிர் பிழைக்கப் படும் பாட்டைத் திகில் படமாகச் சொல்வது உலக சினிமாவில் இன்று ஒரு தனிவகை. தமிழில் அந்த வகை இல்லை. நம்மிடம் கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்ட ஈழப்போர் இருந்தது. அதில் குழந்தைகள் இருந்தார்கள். பேய்ப்படச் சந்தையும் கொழித்துக் கிடக்கிறது. போரையும் பேயையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த இலக்கிய மரபு ஆயிரம் ஆண்டுப் பழையது. இத்தனை இருந்தும் இவை திரையில் ஒன்றுசேராதது ஏன்? சேரத்தான் வேண்டுமா? சேர்ந்தால் எது நடுவில் நிற்க வேண்டும்?

உலகம் போன வழி

2018-இல் வந்த ஒரு போலந்துப் படத்தை இந்த வகையின் அண்மை மாதிரியாகக் கொள்ளலாம். அட்ரியன் பானெக் இயக்கியது. பெயருக்கு ‘ஓநாய் மனிதன்’ என்று பொருள். 1945. கிராஸ்-ரோசன் வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்ட எட்டுக் குழந்தைகளைக் காட்டுக்குள் கைவிடப்பட்ட ஒரு மாளிகையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். சோறில்லை, தண்ணீரில்லை. முகாமில் கைதிகளைக் கடித்துக் குதற நாஜிகள் பழக்கிய நாய்கள் இப்போது எசமானர் இல்லாமல், பசியோடு அந்த வீட்டைச் சுற்றி வருகின்றன. போர் முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாய்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு உள்ளேயும் பசி, வெளியேயும் பசி. ஓநாய் மனிதன் என்று தனியாக ஒருவனும் வருவதில்லை.

கில்லெர்மோ தெல் டோரோ ஸ்பானிய உள்நாட்டுப் போரை இரண்டு முறை இப்படி அணுகியிருக்கிறார். 2001-இல் வந்த ‘பிசாசின் முதுகெலும்பு’ படத்தில் அநாதை விடுதி முற்றத்தில் வெடிக்காத குண்டு ஒன்று செங்குத்தாக நிற்கிறது. விடுதிக்குள் செத்த சிறுவனின் ஆவி திரிகிறது. நேரம் போகப் போக, ஆவியைவிட உயிரோடிருக்கும் மனிதனுக்கே அதிகம் பயப்பட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரிகிறது. 2006-இல் வந்த ‘பேனின் புதிர்வழி’யில் இராச் சோறு மறுக்கப்பட்ட சிறுமி ஒஃபீலியா, விருந்து பரப்பிய மேசையில் தொடக்கூடாத திராட்சை இரண்டை எடுத்துத் தின்கிறாள். மேசைத் தலைமாட்டில் அசையாமல் இருந்த பூதம் விழித்துக்கொள்கிறது. திகில் படங்களிலேயே பேர்போன காட்சிகளில் ஒன்று, ஒரு குழந்தையின் பசிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

ஈரானிய இயக்குநர் பாபக் அன்வரியின் ‘நிழலின் கீழ்’ (2016), 1988-இன் தெஹ்ரான். ஏவுகணை ஒன்று அடுக்குமாடியில் விழுந்து வெடிக்காமல் கிடக்க, அதோடு ஜின்னும் வந்துவிட்டதாகச் சிறுமி நம்புகிறாள். மெக்சிகோவின் இஸ்ஸா லோபஸ் போதைக் கும்பல் போரில் அநாதையான பிள்ளைகளை வைத்து 2017-இல் எடுத்த படமும் இதே குடும்பம்தான். 1985-இன் சோவியத் படமான ‘வந்து பார்’, 1988-இன் ஜப்பானியப் படமான ‘மின்மினிகளின் கல்லறை’ இரண்டையும் வழக்கமாகத் திகில் படம் என்று அழைப்பதில்லை. ஆனால் முதல் படத்தில் சில நாளிலேயே கிழவனாகும் சிறுவனின் முகமும், இரண்டாவதில் காலி மிட்டாய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடிப்பதும் எந்தப் பேய்ப்படமும் எட்டாத இடம்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூன்று பொதுத்தன்மைகள் தெரிகின்றன. காமெரா குழந்தையின் உயரத்தில் இருக்கிறது. கொடியும் கொள்கையும் அந்த உயரத்துக்கு எட்டுவதில்லை. குழந்தைக்கு வேலை இருக்கிறது: ஒளிய, சத்தம் போடாமலிருக்க, தம்பியைத் தூக்க, தின்ன எதையாவது தேட. அழுதுகொண்டே நிற்க நேரமில்லை. மூன்றாவதாக, பூதத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெறும் தட்டு இருக்கிறது.

நம் பழைய கணக்கு

போரில் சிக்கிய குழந்தையைத் தமிழ் முதலில் பார்த்தது புறநானூற்றில். 46-ஆம் பாட்டின் சூழல் ஒரு கொலைக்களம். மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக்காலில் இட்டுக் கொல்ல நிறுத்தியிருக்கிறான் கிள்ளிவளவன். கோவூர் கிழார் தடுக்கிறார். அதில் ஒரு நுட்பமான கவனிப்பு. யானையைக் கண்டதும் பிள்ளைகள் அழுகையை மறந்துவிடுகிறார்கள்; பிறகு சுற்றி நிற்கும் புதிய கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். கொல்ல வந்த விலங்கு குழந்தைக்கு வேடிக்கை. கொலையைப் பார்க்க வந்த ஊர்தான் பயம். போர்த் திகிலின் இலக்கணம் முழுதும் இந்த ஒரு கவனிப்புக்குள் இருக்கிறது.

279-ஆம் பாட்டு நேர்மாறு. ஒக்கூர் மாசாத்தியாரின் தாய், தகப்பனையும் கணவனையும் அடுத்தடுத்த நாள் போரில் இழந்தவள், மூன்றாம் நாள் பறையொலி கேட்டதும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். பள்ளிக்கூடத்தில் இதை வீரத்தாய் என்று மனப்பாடம் செய்தோம். எண்ணெய் வைத்த அந்தத் தலையின் பக்கமிருந்து வகுப்பில் ஒருவரும் யோசித்ததில்லை. ஒரு பாட்டு குழந்தையைக் காப்பாற்றுகிறது, இன்னொன்று களத்துக்கு அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் பின்னாளின் ஈழப்போரும் நின்றது.

அடுத்தது பரணி. குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப்போரைப் பாடிய செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பாதிக்கு மேல் பேய்களின் ராச்சியம். பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன, போர் முடிந்ததும் களத்துக்கு ஓடிப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் சூல்கொண்ட பேய்க்கும் பங்கிட்டு வார்க்கின்றன. வெற்றியைப் பாட வந்த புலவர், வெற்றியின் மிச்சத்தை உலையில் ஏற்றிக் காட்டிவிட்டார். அதைப் புகழ்ச்சியாகப் படிப்பதா கிண்டலாகப் படிப்பதா என்பதில் புலவர்கள் மல்லுக்கட்டட்டும். போருக்கும் பசிக்கும் பேய்க்கும் ஒரே அடுப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது எங்கள் ஊர்க்காரி, அந்த விழாப் படத்தின் எலும்புருவம்: காரைக்கால் அம்மையார். புனிதவதி என்ற வணிகக் குலப் பெண், உடம்புச் சதையை உதறிப் பேயுருவை வரமாகக் கேட்டு வாங்கியவள். திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பற்றிய அவர் பதிகங்களில் பேய் வெளியிலிருந்து பார்க்கப்படும் பொருள் அல்ல, பேசுவதே பேய்தான். அவருடைய செப்புத் திருமேனி ஒன்று பொலன்னறுவையில் கிடைத்துக் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர் கடப்பதற்கு முன்பே இந்தக் கடலைக் கடந்த பேய் அவர்.

திரை எடுத்த வழிகள்

தமிழ்த் திரை இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு வழிகளில் போனது.

முதல் வழி, சிரிப்பு. 2000-இல் வந்த ‘தெனாலி’யில் இலங்கையிலிருந்து வந்த அகதிக்கு எதைக் கண்டாலும் பயம். அந்தப் பயங்களின் நீண்ட பட்டியலுக்குத் திரையரங்கம் குலுங்கிச் சிரித்தது. போர் ஒரு மனிதனுக்குள் விட்டுச்சென்ற திகிலைத் தமிழ் வெகுஜனப் படம் மையமாக எடுத்த அரிய தருணம் அது. அதையும் நகைச்சுவையாகத்தான் எடுக்க முடிந்தது.

இரண்டாவது வழி, தாய்மை. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) அமுதா என்ற சிறுமியின் தேடல். நடித்த கீர்த்தனாவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இராமேசுவரம் முகாமில் பிறந்து சென்னையில் வளர்ந்த பிள்ளை, பெற்றவளைத் தேடிப் போருக்குள் போகிறாள். பூங்காவில் குண்டு வெடிக்கும் காட்சியில் மட்டும் படம் ஒரு நொடி திகிலின் வாசலுக்கு வந்துவிட்டு அவசரமாக வெளியேறுகிறது. அமுதாவின் கேள்வி ‘என்னை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?’ என்பது. ‘இன்றிரவு எங்கே ஒளிவது?’ என்பது அவளுக்குத் தேவைப்படாத கேள்வி. அவள் சென்னைக்குத் திரும்பிவிடுவாள் என்று நமக்குத் தெரியும். அழுதுவிட்டு எழுந்து வந்தோம்.

மூன்றாவது வழி, சாட்சியம். புகழேந்தி தங்கராஜின் ‘உச்சிதனை முகர்ந்தால்’ (2011) மட்டக்களப்பைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமியின் கதை. சிப்பாய்களால் சிதைக்கப்பட்டுக் கருவுற்ற நிலையில் தமிழ்நாட்டுக்கு வருகிறாள். அவள் பெயர் புனிதவதி. இந்தப் பெயரைக் கேட்டதும் காரைக்கால்காரனுக்கு முதுகு சில்லிடும். உடம்பே வேண்டாம் என்று உதறிய அந்தப் புனிதவதியையும், உடம்பைப் பறிகொடுத்த இந்தப் புனிதவதியையும் ஒரு பெயர் இணைக்கிறது. ஆனால் படம் அவளைப் பரிதாபத்துக்குரியவளாகவே கடைசிவரை வைத்திருக்கிறது. நீதி கேட்கும் மனுவோடு இணைத்த சான்றுப்பொருளாகக் குழந்தை நிற்கிறாள். அவள் கண்ணால் நாம் எதையும் பார்ப்பதில்லை.

இந்த வகைக்கு நாம் மிக நெருங்கிப் போனது சந்தோஷ் சிவனின் இரு படங்களில். 1998-இன் ‘தி டெரரிஸ்ட்’ படத்தில் தற்கொலைத் தாக்குதலுக்குப் போகும் மல்லியைக் கண்ணிவெடிக் காட்டின் வழியே கூட்டிப்போவது ஒரு சிறுவன். எங்கே கால் வைக்க வேண்டும், எங்கே வைக்கக்கூடாது என்பது அவனுக்குப் பாண்டி விளையாட்டுக் கட்டம்போல மனப்பாடம். குழந்தைக்குத் தொழில் கொடுத்த காட்சி அது, தமிழில் அரிது.

இரண்டாவது படம் ‘இனம்’. அநாதைப் பிள்ளைகளின் இல்லம் ஒன்று போரின் கடைசிக் கட்டத்தில் இடம்பெயர்ந்து சிதறுகிறது. இல்லத்தை நடத்தும் பெண்ணைப் பிள்ளைகள் ‘சுனாமி அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள், சரிதா நடித்தார். 2004 டிசம்பர் 26 காலையில் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் பிள்ளைகளைத் தேடி ஓடியவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் தெரியும். அக்கரையில் அலை முடிந்ததும் ஷெல் வந்தது. போர் நடுவே உயிர் பிழைக்க ஓடும் குழந்தைகள் என்ற கதைக்கரு தமிழில் முழுப்படமாக வந்தது இதில்தான். 2014 மார்ச் 28 அன்று வெளியான படத்தை எதிர்ப்புகள் காரணமாகச் சில நாளிலேயே திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். படம் யார் பக்கம் சாய்கிறது என்பதே சண்டை. அந்தக் கேள்வி நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். ஐந்தாண்டுக்கு முன் நடந்த பேரழிவில் சொந்தங்களை இழந்தவர்களுக்குச் சாய்வு பற்றிக் கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்த இரைச்சலில், பிள்ளைகளின் பயத்தைப் படம் ஒழுங்காக எடுத்திருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

சிங்களத் திரையிலும் குழந்தைகள் வந்தார்கள். சோமரத்ன திசாநாயக்கவின் ‘சரோஜா’ (2000) தமிழ்ச் சிறுமிக்கும் சிங்களக் குடும்பத்துக்குமான உறவு. பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ (2003) படத்தின் ஒரு கிளைக்கதை, 1990-இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துச் சிறுவனைப் பற்றியது. அவனுக்கு வீடு போனதைவிட நாயை விட்டுப் போவதுதான் துயரம். போலந்துப் படத்து நாய்களோடு இந்த நாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பெரியவர்கள் வரைபடத்தில் கோடு கிழிக்கும்போது, பிள்ளையின் வரைபடத்தில் நாய் படுக்கும் இடம்தான் இருக்கிறது.

கடன் வாங்கிய பிள்ளை

திகிலாக எடுத்தால் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பதை அளக்க இரண்டு படங்களை எதிரெதிரே வைக்கலாம். ழாக் ஓதியாரின் ‘தீபன்’ 2015-இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற படம். வசனங்கள் பெரும்பாலும் தமிழ். நாயகனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தி பதின்வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகள் கைக்கு வருகின்றன. அதற்கு ஒரு கணவன், ஒரு மனைவி, ஒன்பது வயது மகள் வேண்டும். மனைவியாக நடிக்கப்போகும் யாழினி முகாமில் தேடித் தாயில்லாப் பிள்ளை ஒன்றைப் பிடித்து வருகிறாள். இளையாள் என்ற அந்தச் சிறுமி, இறந்த ஒரு சிறுமியின் வயதோடும் பெயரோடும் பாரிஸ் புறநகரில் பள்ளிக்குப் போகிறாள்.

எங்கள் ஊருக்கு இந்தக் காகித வாசனை பழக்கம். 1962 ஆகஸ்டு 16 அன்று பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படி கைமாறிய மண் இது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். ஒரு காகிதம் ஒரு வம்சத்தின் தலையெழுத்தை மாற்றுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் செத்தவளின் காகிதத்தை உயிருள்ள குழந்தை சுமப்பது வேறு கதை. பேய்க்கதைக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. ஓதியார் அந்த வாசலைத் திறக்காமல் கடந்து, கடைசியில் துப்பாக்கிச் சண்டைக்குப் போய்விட்டார். பெயருக்குச் சொந்தக்காரியான அந்தச் சிறுமி எங்கே, எப்படிச் செத்தாள் என்று படத்தில் யாருமே கேட்பதில்லை.

ரெமி வீக்ஸின் ‘அவன் வீடு’ (2020) அதே முடிச்சைப் பேய்க்கதையாக அவிழ்த்தது. தெற்கு சூடானிலிருந்து தப்பிய தம்பதி பிரிட்டனில் ஒதுக்கப்பட்ட வீட்டில் குடியேறுகிறார்கள். கடலில் மகளைப் பறிகொடுத்தவர்கள் என்று நாம் இரக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தப் பிள்ளை அவர்களுடையதே அல்ல என்பது வெளிவருகிறது. குழந்தையோடு வருகிறவர்களுக்கே பேருந்தில் இடம் என்றதும் கூட்டத்திலிருந்து யார் பிள்ளையையோ இழுத்துக்கொண்டு ஏறியவன் அவன். பெற்றவள் பின்னால் ஓடிவர, வண்டி போய்விட்டது. சுவருக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை இப்போது கணக்குக் கேட்கிறது. தப்பித்தவனின் குற்றவுணர்வை எதார்த்தப் படம் ஒரு பெருமூச்சில் சொல்லி முடித்துவிடும். திகில் படத்தில் அது ராத்திரி கதவைத் தட்டும். திறந்து பதில் சொல்லியாக வேண்டும்.

ஏன் இங்கே பேய் வரவில்லை?

பேய்ப்படத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2011-இன் ‘காஞ்சனா’வுக்குப் பின் சிரிப்பும் பேயும் கலந்த படங்கள் வரிசை கட்டின. பெரும்பாலானவற்றில் ஒரே இலக்கணம்: அநியாயமாகச் செத்தவர் ஆவியாக வந்து கொன்றவர்களைப் பழிவாங்கிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். இந்த அச்சில் ஈழப்போரை வார்க்க முடியாது. இங்கே பழி தீரவில்லை, பேய் போகவும் முடியாது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) மட்டும் பழிவாங்காத, தன்னைக் கொன்றவனையே காப்பாற்றும் பேயைக் காட்டியது. அந்த விதை அதற்குப் பிறகு முளைக்கவில்லை.

ஒரு தேதி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 2009 மார்ச் 6. இலங்கையின் வடக்கே வன்னியில் மக்கள் கடற்கரைத் துண்டு ஒன்றுக்குள் நெருக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த வாரம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு ஒரு திகில் படம் வந்தது. ஒரு குடும்பத்தின் தொலைக்காட்சிப் பெட்டி வழியாக வீட்டுக்குள் வரும் மரணத்தைப் பற்றிய நல்ல படம். அதன் பெயர் ‘யாவரும் நலம்’. படம் எடுத்தவர்கள் மீது குற்றமில்லை. நிஜத்தில் தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தவர்களை நாம் என்ன செய்தோம் என்பதுதான் உறுத்துகிறது.

தணிக்கை இன்னொரு காரணம். ஈழம் பற்றி வெளிப்படையாகப் பேசிய படங்கள் சான்றிதழுக்கே படாத பாடு பட்டன. போரின் முடிவில் கொல்லப்பட்ட ஊடகர் இசைப்பிரியாவைப் பற்றிய ‘போர்க்களத்தில் ஒரு பூ’ படத்துக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. ஆனால் தணிக்கையையே முழுக் காரணமாக்குவதும் வசதியான சாக்கு. ஸ்பெயினில் நேரடியாகப் பேச முடியாததைச் சொல்லத்தானே பேய்கள் வந்தன? 1973-இல் சர்வாதிகாரி பிராங்கோ உயிரோடிருந்தபோதே, பிராங்கன்ஸ்டைன் படம் பார்த்து மிரண்ட ஒரு சிறுமியை வைத்து விக்டர் எரிஸே தன் நாட்டின் மௌனத்தைப் படமாக்கினார்.

உண்மையான தடை வேறு என்று நினைக்கிறேன். குழந்தையின் உயரத்துக்குக் காமெராவை இறக்கினால் நாம் விரும்பாத ஒன்றும் சட்டகத்துக்குள் வரும். ‘பிள்ளை பிடிகாரன் வருவான்’ என்பது சோறு தின்னாத குழந்தைக்குத் தமிழ்த் தாய்மார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பூச்சாண்டி. வன்னியிலும் கிழக்கிலும் அந்தச் சொல் ஒரு நாள் நிஜமானது. வீட்டுக்கொரு பிள்ளையைப் புலிகள் இயக்கம் கேட்டது, கொடுக்காதபோது பிடித்தது. ‘பிள்ளை பிடிக்கிறாங்கள்’ என்றே சனம் சொன்னது. குழந்தைகள் படைக்குச் சேர்க்கப்பட்டதாக யுனிசெஃப் பதிவு செய்தவை மட்டும் ஐயாயிரத்தைத் தாண்டும். தரையில் பிள்ளை பிடி, வானத்தில் கிபிர் போர்விமானம். 2006 ஆகஸ்டு 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். 279-ஆம் பாட்டின் தாயைக் கொண்டாடி வளர்ந்த நமக்கு, பிள்ளையைப் பரணில் ஒளித்துவைத்த தாயைப் படமாக்கக் கை வருவதில்லை. கொடி பிடித்துப் பார்ப்பவருக்கு ஒரு பூதம் போதும். பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைக்கு இரண்டு பூதங்கள் தெரிந்தன. இரண்டின் அளவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் இருந்தன.

எதிர்வாதங்கள்

திகில் வகையே கூடாது என்பவர்களிடம் வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது, பூதத்தைக் கொண்டுவந்தால் கொன்றவன் தப்பித்துக்கொள்வான் என்பது. குண்டு போட்டது ஒரு விமானப்படை, ஜின் அல்ல. 2013-இல் கேலம் மெக்ரேயின் ‘போர் தவிர்ப்பு வலயம்’ ஆவணப்படத்தோடு வெளியான புகைப்படங்களில், புலிகளின் தலைவரின் பன்னிரண்டு வயது மகன் மணல்மூட்டைகளுக்கு நடுவே தின்பண்டம் தின்றுகொண்டிருந்தான். அடுத்த படத்தில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடந்தான். அந்த இரு படங்களுக்கு இடைப்பட்ட நேரத்தைவிடப் பெரிய திகிலை எவரும் எழுத முடியாது. தமிழ்நாட்டு மாணவர்களை அந்த ஆண்டு மார்ச்சில் தெருவுக்குக் கொண்டுவந்ததில் அந்தப் படங்களுக்குப் பங்குண்டு. ஆவணம் செய்ய வேண்டிய வேலையைப் பேய் செய்ய முடியாது என்பது சரி.

இரண்டாவது, தப்பிவந்தவர்களுக்குத் திகில் ஒரு பொழுதுபோக்கு அல்ல. 2011 ஆகஸ்டில் இலங்கையில் ‘கிறீஸ் பூதம்’ கிளம்பியது. உடம்பில் கிறீஸ் பூசிய உருவங்கள் இரவில் பெண்களைத் தாக்குவதாகக் கிழக்கிலும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் பீதி பரவியது. ஊரார் துரத்த, பூதம் படைமுகாமுக்குள் ஓடியதாகச் சொல்லி மோதல்கள் நடந்தன. போர் முடிந்து இரண்டே ஆண்டு. துப்பாக்கி ஓய்ந்தாலும் பயம் ஓயாத சமூகம் தனக்கென ஒரு பேயை உண்டாக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட மக்கள் முன் இருட்டறையில் திடுக்கிடல்களை விற்பது இரக்கமற்ற வேலை.

இரண்டையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: அந்த வாதங்கள் திடுக்கிடவைக்கும் திகிலுக்கு எதிரானவை. நான் கேட்பது வேறு வகை. நம் மரபில் பேய் என்பது முதலில் எதிரி அல்ல. பரணியில் பேய் என்றால் பசி. அம்மையாரிடத்தில் பேய் என்றால் சுடுகாட்டைக் கண் இமைக்காமல் பார்க்கும் சாட்சி. இந்த இரண்டையும் வைத்து எடுக்கப்படும் படத்தில் கொன்றவன் மறைய முடியாது.

சுடுகாடும் நம்மை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2025-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. செம்மணிப் புதைகுழியின் பெயர் மறுபடி செய்தியானது. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டத் தோண்ட நூற்றுக்கு மேல் எலும்புக்கூடுகள். அவற்றில் சிறியது ஒன்றின் அருகே நீல நிறப் பள்ளிப் பை; யுனிசெஃப் கொடுக்கும் வகை. பொம்மையும் கிடைத்தது. நான்கைந்து வயதுக் குழந்தையாக இருக்கலாம் என்றார்கள். பையின் நிறம் மண்ணுக்குள் மங்கவில்லை. திருவாலங்காட்டில் உட்கார்ந்து பாடிய எங்கள் ஊர்ப் பேய் இந்த மயானத்துக்கு வந்தால் எதைப் பார்க்கும், யாரிடம் சொல்லும்?

பசியின் எண்கணிதம்

போர்த் திகிலின் நடுவில் எதை வைப்பது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஆயுதத்தை வைத்தால் அது போர்ப்படமாகிவிடும். கொன்றவனை வைத்தால் வழக்காகிவிடும். குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் நடுவில் இருப்பது பசி.

வன்னியின் கடைசி மாதங்களில் பசி தற்செயலாக வந்ததல்ல. அதற்கு ஓர் எண்கணிதம் இருந்தது. அந்த நிலத்துண்டுக்குள் சுமார் 70,000 பேர்தான் இருப்பதாக அரசு சொல்லிவந்தது. முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். தலைக்கணக்கைக் குறைத்தால் அனுப்ப வேண்டிய மாவும் மருந்தும் குறையும். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் இதைச் சுட்டிக்காட்டியது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் சிறுவர்களைப் பிடித்ததையும் அதே அறிக்கையில் எழுதியது. இந்தக் கணக்குக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கஞ்சிக் கொட்டிலில் வரிசையில் நின்றார்கள். வரிசை மீதும் ஷெல் விழுந்தது. ஓடினால் உயிர், நின்றால் கஞ்சி. உயிர்பிழைப்புத் திகிலுக்கு இதைவிடத் தெளிவான விதி உலகத்தில் எந்தப் படத்திலும் இல்லை.

இன்று ஒவ்வொரு மே மாதமும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும், போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலின் பெயரில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால் விட்டால் அது பொங்கல் நாள் கஞ்சியாகிவிடும் என்று விடாதவர்கள் உண்டு. சிரட்டையில் வாங்கிப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். செயங்கொண்டாரின் கூழுக்கும் இந்தக் கஞ்சிக்கும் ஒன்பது நூற்றாண்டு இடைவெளி. அங்கே களத்தின் வெற்றியைப் பேய்கள் காய்ச்சிக் குடித்தன. இங்கே களத்தில் தோற்றுத் தப்பியவர்கள், இறந்த பிள்ளைகளின் கடைசிச் சாப்பாட்டை உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கு வார்க்கிறார்கள். பரணியைத் தலைகீழாகத் திருப்பிய சடங்கு இது. எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுக்காமல் மக்களே கண்டுபிடித்த காட்சி.

எழுத்து இந்த இடத்துக்கு முன்பே வந்துவிட்டது. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ நாவலில் ஷெல்லுக்கு நிகராக அரிசியும் தண்ணீரும் அடுத்த வேளையும் வந்துகொண்டேயிருக்கின்றன. பின்தங்கி நிற்பது திரைதான்.

அப்படி ஒரு படம் வருமானால் அது இக்கரையிலிருந்து நாம் எடுப்பதாக இல்லாமல், அந்தப் பிள்ளைகளாக இருந்து வளர்ந்தவர்கள் எடுப்பதாக இருக்கட்டும். அன்று பத்து வயதாயிருந்தவர்களுக்கு இன்று முப்பதை நெருங்கும் வயது. நம் பங்கு காசும் திரையும் பொறுமையும் கொடுப்பது. முதல் வாரத்திலேயே ‘யார் பக்கம்?’ என்று கழுத்தைப் பிடிக்காமலிருப்பது. இந்தக் கடலின் பயம் நமக்கும் முற்றிலும் அந்நியமல்ல. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் படகிலிருந்த பதின்மூன்று பேரில் ஐவர் காயப்பட்டார்கள். அப்பா கடலுக்குப் போன ராத்திரி தூங்காத பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள்.

மாங்கனித் திருவிழாவில் என் தோளிலிருந்து வந்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மாச்சிதான் சொன்னாள்: "சோறு போடாம இல்லடி. பசியோட ஒருத்தர் வந்தாரு. கறிகூட ஆகலை, வெறுஞ்சோறுதான் இருந்துச்சு. வீட்டுல இருந்த மாம்பழத்த எடுத்து அவரு இலையில வச்சிட்டா. அங்கேருந்துதான் அவ கதையே ஆரம்பிச்சுது." பிள்ளை கொஞ்சநேரம் யோசித்தாள். மாடியிலிருந்து விழுந்து என் துண்டில் சிக்கிய மாம்பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதை அந்தப் படத்தின் வாய்ப்பக்கம் நீட்டினாள். கடைக்காரர் சிரித்தார். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.